மீனின் வெள்ளியும் கொலுசின் வெள்ளியும்

“ஏம்மா, ஏரி மீனா?”

“ஆமாக்கா, பழவேற்காட்டு மடவை. விடியக்காலைல வந்தது. செவுளத் தூக்கிப் பாரு, கண்ணப் பாரு, மினுமினுப்பப் பாரு. அப்புறம் வெல பேசு.”

பொன்னேரி, மீஞ்சூர், வடசென்னைப் பக்கம் மீன் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகப் பழகியது. அந்த அம்மா காட்டச் சொல்லும் மூன்றில் கடைசியாக வருகிறதே மினுமினுப்பு, அது ஒரு நல்ல சாட்சி. பிடித்து நேரம் ஆக ஆக மீனின் மேல் இருக்கும் வழவழப்பு கலங்கும், தோல் மங்கும். பளபளப்பு போய்விட்ட மீனைக் கை தானாகவே ஒதுக்கிவிடும்.

ஆனால் அது அரைச் சாட்சிதான். மீன் கெடவில்லை என்று சொல்லும். அந்த மீன் நீந்திய தண்ணீரில் என்ன கலந்திருந்தது, கரைக்கு வந்தபின் மேலே எதையாவது தெளித்தார்களா என்பதையெல்லாம் சொல்லாது. 2018-ல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மீன் வாங்கவே பலர் தயங்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் அதே பயம். அப்படிப்பட்ட நாட்களில் சுத்தமான மீன் வைத்திருக்கும் கூடைக்காரம்மாவும் சேர்ந்துதான் நஷ்டப்படுகிறார். “என் மீன் நல்ல மீன்” என்று நிரூபிக்க அவர் கையில் வாய்ச்சொல்லைத் தவிர எதுவும் இல்லை.

இந்த வாரம் அந்த மினுமினுப்பைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஏனென்றால், மீனின் பளபளப்புக்குப் பின்னால் இருக்கும் அதே ஒளி விளையாட்டை ஒரு உலோகத்தோடு சேர்த்தால், மீதி அரைச் சாட்சியும் கிடைக்கக்கூடும் என்று இயற்பியல் சொல்கிறது.

கையில் ஒட்டும் வெள்ளி

நாடா மாதிரி நீளமாக இருக்குமே, கடல் வாளை. அதைக் கழுவியவர்களுக்குத் தெரியும், கையெல்லாம் வெள்ளிப் பொடி ஒட்டிக்கொள்ளும். அதில் ஒரு துளிகூட உலோகம் கிடையாது. குவானின் என்ற பொருளின் மிக மெல்லிய தகடுகள் அவை. டி.என்.ஏ. என்கிற மரபு நூலை எழுதும் நான்கு எழுத்துகளில் ஒன்று இதே குவானின்தான். நம் உடம்பிலும் இருக்கிறது, ஆனால் நாம் பளபளப்பதில்லை. மீன் அதைப் படிகத் தகடுகளாக்கி அடுக்கி வைக்கிறது. ரகசியம் அந்த அடுக்கில் இருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் மீன் செதிலிலிருந்து இந்தப் பொடியைச் சுரண்டி எடுத்து, கண்ணாடி மணிக்குள் பூசி, போலி முத்து செய்து விற்றார்கள். பின்னாளில் நகப்பூச்சுக்கும் அது போனது. மீனின் மினுக்கு நம் வீட்டு அலங்கார மேசை வரை வந்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

உலோகமே இல்லாமல் எப்படிக் கண்ணாடி போல் மின்னுகிறது? ஒரு தகடு தன்மேல் விழும் ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். மீதி ஒளி அடுத்த தகட்டுக்குப் போகும், அதுவும் கொஞ்சம் திருப்பும். தகடுகளின் தடிமனும் இடைவெளியும் ஒழுங்காக அமைந்தால், திரும்பி வரும் எல்லாத் துண்டு ஒளிகளும் ஒரே தாளத்தில் சேர்ந்து வலுக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒளியை வளைக்கும் திறனை ஒளிவிலகல் எண் என்பார்கள். குவானினுக்கு அது சுமார் 1.83, நடுவில் இருக்கும் திசு நீருக்குச் சுமார் 1.33. ஒரு தகட்டின் தடிமன் ஏறத்தாழ 80 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். இடைவெளியும் சரியாக அமைந்திருந்தால், ஆரஞ்சு நிற ஒளியில் ஒற்றைத் தகடு நூற்றுக்குப் பத்துப் பங்குதான் திருப்பும். ஐந்து தகடு அடுக்கினால் 85 பங்கு. பத்துத் தகடு அடுக்கினால் 99 பங்கு! பத்தும் சேர்ந்து ஒரு தலைமுடியின் தடிமனில் மிகச் சிறிய பங்குதான் வரும். அதற்குள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

எல்லாத் தகடும் ஒரே தடிமனாக இருந்தால் ஒரு நிறம் மட்டும்தான் மின்னும். மீனின் தகடுகளில் தடிமன் கொஞ்சம் கூடக் குறைய இருப்பதால் எல்லா நிறமும் திரும்புகிறது, நம் கண்ணுக்கு வெள்ளியாகத் தெரிகிறது. இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வகத்தில் எரிக் டென்டன் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். மீனின் விலா வளைவாக இருந்தாலும், உள்ளே தகடுகள் தண்ணீரில் செங்குத்தாகவே நிற்கின்றன என்று காட்டினார். அதனால் பக்கவாட்டில் வரும் எதிரிக்கு மீன் தெரியாது, மீனில் பிரதிபலிக்கும் தண்ணீர்தான் தெரியும். நமக்குக் கூடையில் பளிச்சென்று தெரியும் அதே மினுமினுப்பு, தண்ணீருக்குள் மீன் போர்த்திக்கொள்ளும் மாயப் போர்வை!

பழவேற்காட்டில் கிடைக்கும் காரப்பொடி இன்னும் ஒரு படி மேல். அதன் தொண்டையைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. காற்றுப் பையின் சுவரில் இருக்கும் குவானின் பூச்சு அந்த வெளிச்சத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிடுகிறது. பொரித்துத் தின்னும் பொடி மீனுக்குள் விளக்கும் இருக்கிறது, விளக்குக்குப் பின்னால் கண்ணாடியும் இருக்கிறது.

ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் அடுக்குகளில் ஒளி எப்படி நடந்துகொள்ளும் என்று 1887-லேயே லார்டு ராலே எழுதிவிட்டார். நம்மூர் சர் சி.வி. ராமனும் இதில் சளைத்தவர் இல்லை. நோபல் பரிசு வாங்கிய பிறகு, 1930-களின் நடுவில், கிளிஞ்சல்களின் வானவில் நிறத்துக்குக் காரணம் தேடி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். சிப்பியின் உட்புறம் மின்னுவதும் இதே அடுக்கு வித்தைதான்.

கொலுசின் வெள்ளி வேறு

கொலுசும் குத்துவிளக்கும் மின்னுவதற்குக் காரணம் வேறு. உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் யாருக்கும் கட்டுப்படாமல் அலைந்துகொண்டிருக்கும். ஒளி வந்து மோதியதும் அந்தக் கூட்டமே சேர்ந்து அசைந்து, ஒளியை உள்ளே விடாமல் திருப்பி அடிக்கும். இதற்கு அடுக்கு தேவையில்லை, ஒரே பூச்சு போதும். என்ன, உலோகம் ஒவ்வொரு முறையும் ஒளியில் கொஞ்சத்தைத் தானே தின்றுவிடும்.

ஆக, இரண்டு விதக் கண்ணாடிகள். ஒன்று மீன் செய்தது, ஒழுங்கான அடுக்கால் ஆனது. மற்றொன்று தட்டான் கையிலிருப்பது, எலக்ட்ரான்களால் ஆனது. இரண்டும் தனித்தனியே ஒளியை விரட்டுகின்றன. இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டவைத்தால் என்ன ஆகும்?

இரட்டைச் சுவர், ஒளி இன்னும் நன்றாகத் திரும்பும் என்றுதான் யாரும் சொல்வார்கள். பெரும்பாலான நிறங்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் குறிப்பிட்ட ஒரு நிறத்துக்கு மட்டும் நேர்மாறாக நடக்கும். அந்த நிறம் இரண்டு சுவர்களும் சேரும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். முன்னே போனால் உலோகம் தள்ளும், பின்னே வந்தால் அடுக்கு தள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகுமே, அதுபோல இரண்டு பக்கத் தள்ளுதலும் ஒரே தாளத்தில் விழுந்தால், அந்த எல்லைக்கோட்டிலேயே ஒளி குவிந்து நிற்கும்.

எல்லையில் மட்டும் வாழும் அலை என்பது பழவேற்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. கடல் அலையே அப்படித்தான். காற்றும் நீரும் சேரும் கோட்டில் அது ஆடுகிறது. மேலே படகு தூக்கிப் போடும்போதும், ஆழத்தில் மூழ்கிப் போனவருக்கு அசைவே தெரியாது. எல்லையிலிருந்து விலக விலக அலை தேய்ந்துபோகும். இந்த ஒளியலையும் அதே குணம் கொண்டது.

இதற்கு டாம் நிலை என்று பெயர். ‘டாம் அண்ட் ஜெர்ரி’ டாம் இல்லை! ரஷ்ய இயற்பியலாளர் இகோர் டாம். படிகத்தின் விளிம்பில் எலக்ட்ரான்கள் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்க முடியும் என்று 1932-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர். ஒளியும் உலோகத்துக்கும் அடுக்குக்கும் நடுவில் இதே போல நிற்கும் என்று 2007-ல் ஒரு ஆய்வுக் குழு கணித்தது. அடுத்த ஆண்டே சோதனையில் அது தென்பட்டது. அதாவது, முதலில் தாளில் பார்த்தார்கள், பிறகுதான் கண்ணால் பார்த்தார்கள்.

இதற்கு ஒரு அண்ணன் உண்டு. அடுக்கே இல்லாமல், உலோகமும் தண்ணீரும் சேரும் பரப்பிலேயே ஓடும் ஒளியலை. 1902-ல் அமெரிக்காவில் ராபர்ட் வுட், நெருக்கமாகக் கோடு கீறிய உலோகத் தகட்டில் ஒளியை விட்டார். வானவில் பட்டையில் சில இடங்களில் வெளிச்சம் திடீரென்று காணாமல் போனது. காரணம் அவருக்கே புரியவில்லை. அந்தக் காணாமல் போன ஒளி உலோகத்தின் மேற்பரப்பில் ஓடிப்போய்விட்டது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெளிவானது. இந்த அலையை நேராக ஒளி அடித்து எழுப்ப முடியாது. ஒரு பட்டகமோ, வுட் கீறியது போன்ற கோடுகளோ வேண்டும். பட்டகத்தை வைத்து எழுப்பும் வழியை 1968-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். டாம் நிலைக்கு அந்தச் சிரமம் இல்லை. நேராக டார்ச் அடித்தாலே போதும்.

வீட்டில் பழைய சிடி கிடந்தால் எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அதில் ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 625 வரித் தடங்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் அலுமினியப் பூச்சு. வுட் வைத்திருந்த தகட்டின் பேரப்பிள்ளை அது. போன் டார்ச்சை அடித்து மெல்லச் சாய்த்தால் நிறங்கள் ஓடும். சூரியனை மட்டும் அதில் பார்க்க வேண்டாம், கண்ணுக்கு ஆகாது.

இதனால் நமக்கு என்ன?

எல்லையில் ஓடும் அலைக்கு ஒரு விசேஷம். உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரில் சுமார் 200 நானோமீட்டர் வரைக்கும்தான் அதற்குக் கண் தெரியும். அதற்கு அப்பால் என்ன இருந்தாலும் கவலையில்லை. ஆனால் அந்தச் சின்ன எல்லைக்குள் ஏதாவது ஒன்று வந்து ஒட்டினால் உடனே தெரிந்துவிடும், காணாமல் போகும் நிறம் கொஞ்சம் நகர்ந்துவிடும். தெருவில் யார் போகிறார்கள் என்று தெரியாது, தன் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்தாலும் தெரியும் என்கிற பாட்டியைப் போல.

இறால் பண்ணை வைத்திருப்பவர்களிடம் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவி இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்து, உப்பு எவ்வளவு என்று சொல்வார்கள். நன்னீரின் ஒளிவிலகல் எண் 1.333, கடல் நீருக்குச் சுமார் 1.339. மூன்றாவது தசம இடத்தில் வரும் வித்தியாசத்தை அந்தக் கருவி படிக்கிறது. உலோகப் பரப்பில் ஓடும் அலையை வைத்துச் செய்த கருவிகள் ஆறாவது, ஏழாவது தசம இடம் வரை படிக்கும். மருத்துவ ஆய்வகங்களில், எந்த மருந்து எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்று பார்க்க இவற்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள்.

இதன் எளிய தம்பி நம் வீடுகளுக்கே வந்துவிட்டது. கர்ப்பம் பார்க்கும் அட்டையிலும், கொரோனா காலத்தில் வீட்டிலேயே பார்த்த அட்டையிலும் பலவற்றில் சிவப்புக் கோடு வருமே, அது சாயம் இல்லை. தங்கம்! மிக நுண்ணிய தங்கத் துகள்களின் பரப்பில் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடுவதால் தங்கம் சிவப்பாகத் தெரிகிறது.

ராமன் இங்கே மறுபடியும் வருகிறார். 1928 பிப்ரவரி 28-ல் அவர் கண்ட ராமன் விளைவு, ஒவ்வொரு மூலக்கூறும் ஒளியில் தன் கைரேகையைப் பதிக்கும் என்று சொன்னது. ஆனால் அந்தக் கைரேகை மிக மிக மங்கலானது. சிதறும் ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குதான் அது. 1974-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், சொரசொரப்பான வெள்ளிப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறு வழக்கத்துக்கு மீறி வலுவான கைரேகை தருவதைப் பார்த்தார்கள். லட்சம் மடங்குக்கும் மேல் என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. வெள்ளியின் பரப்பில் ஒட்டிக்கொண்டு ஓடும் ஒளிதான் அதற்கு முக்கியக் காரணம். திருச்சியில் பிறந்தவரின் கண்டுபிடிப்புக்கு வெள்ளி ஒலிபெருக்கி வைத்தது போல ஆயிற்று. ஃபார்மலின், பாதரசம், பூச்சிமருந்து போன்றவற்றை மிகக் குறைந்த அளவில் கண்டுபிடிக்கும் ஆய்வுகள் இந்த வழியில் உலகம் முழுவதும் நடக்கின்றன.

கணினியில் கட்டும் கண்ணாடி

அப்படியானால் உடனே ஒரு கருவியைச் செய்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் மாதிரிக் கணக்கு வருகிறது. நானோமீட்டர் அளவில் அடுக்குப் பூச, காற்றை உறிஞ்சிய பெட்டி வேண்டும், சுத்தமான பொருள் வேண்டும், நேரமும் பணமும் வேண்டும். பூசிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பது கட்டுப்படியாகாது. அதனால் முதலில் கணினியில் கட்டிப் பார்க்கிறார்கள்.

தட்டையான அடுக்குகளுக்கு வழி சுலபம். ஒவ்வொரு அடுக்குக்கும் நான்கு எண்கள் கொண்ட ஒரு சின்னக் கட்டம் உண்டு. அடுக்கு வரிசைப்படி அந்தக் கட்டங்களை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே போனால், எந்த நிறம் திரும்பும், எந்த நிறம் மாட்டிக்கொள்ளும் என்பது வந்துவிடும். 1950-ல் பிரான்ஸில் அபெலேஸ் என்பவர் இதைச் செம்மையாக்கினார். இன்று கல்லூரி மாணவி ஒருத்தி சாதாரண லேப்டாப்பில் ஒரு நொடியில் போட்டுவிடலாம்.

பரப்பில் மேடும் பள்ளமும் இருந்தால் வேறு வழி. இடம் முழுவதையும் புள்ளிக் கோலம் போலப் புள்ளிகளாக்கி, ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளிக்கு ஒளியை எப்படிக் கைமாற்றுகிறது என்று நொடியின் நுண் துண்டுகளாகக் கணக்கிடுவார்கள். 1966-ல் கேன் யீ தந்த முறை இது. உலோகத்தின் குணத்துக்கு, ஜான்சன், கிறிஸ்டி என்ற இருவர் 1972-ல் தங்கத்திலும் வெள்ளியிலும் செம்பிலும் அளந்து தந்த எண்களை இன்றும் ஏராளமானோர் எடுத்துக்கொள்கிறார்கள்.

மாதிரி என்ன சொல்லித் தரும்? உலோகப் பூச்சு தடித்தால் ஒளி உள்ளே நுழையாது, மெலிந்தால் உள்ளே நிற்காது என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் சில பத்து நானோமீட்டர் என்ற இடத்தைக் காட்டும். இன்னொரு சிக்கலையும் காட்டும். டாம் நிலையில் ஒளி குவிவது உலோகத்துக்கும் அடுக்குக்கும் நடுவில், அதாவது கண்ணாடிக்கு உள்ளே. நாம் சோதிக்க வேண்டிய தண்ணீரோ வெளியே. பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளே வைத்த கதை! அடுக்கில் நுண்துளைகள் விட்டு, சோதிக்கும் பொருள் உள்ளே ஊறி வரச் செய்வது ஒரு தீர்வு. நேர் ஒளி போதும் என்ற வசதியை விட்டுக்கொடுத்து, தண்ணீரைத் தொடும் அண்ணன் அலைக்கே போவது இன்னொரு தீர்வு. எது லாபம் என்று ஒரு பைசா செலவில்லாமல் கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாதிரிக்குத் தெரியாத ஏரி

மாதிரிக்குக் கண்ணாடியைத் தெரியும். ஏரியைத் தெரியாது. இதுதான் இந்த விஷயத்தில் நாம் மனதில் வைக்க வேண்டியது.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ராக்கெட் ஏறும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. ஆரணியாறும் காளங்கியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் ஏரி வற்றி உப்பு ஏறும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கடல் நீர் வரத்து குறைந்து இன்னொரு விதமாக மாறும். காலையில் ஒரு தண்ணீர், வெள்ளம் ஏறினால் ஒரு தண்ணீர்.

தசமத்துக்குப் பின் ஆறாவது இடத்தைப் படிக்கும் கருவியை இந்த ஏரியில் முக்கினால் என்ன ஆகும்? மூன்றாவது இடத்தில் உப்பு கூத்தாடிக்கொண்டிருக்கும். வெயிலில் தண்ணீர் சூடாவதும் அந்த எண்ணை மாற்றும். சேறு, பாசி, மீனின் வழவழப்பு எல்லாம் உலோகப் பரப்பில் வந்து உட்காரும். திண்ணையில் யார் உட்கார்ந்தாலும் பாட்டிக்குத் தெரியும், சரி. ஊரே வந்து உட்கார்ந்தால் யாரைத் தேடுவார்? அதனால்தான், தேடும் பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு பூச்சை உலோகத்தின் மேல் ஏற்றுகிறார்கள். பக்கத்திலேயே அந்தப் பூச்சு இல்லாத ஒரு பகுதியையும் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். உப்பும் சூடும் இரண்டு பகுதிக்கும் பொது என்பதால் கழிந்துபோகும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் வடிகட்டிய நீரில் அழகாக வேலை செய்யும் கருவி, ஏரித் தண்ணீரில் தடுமாறுவது அடிக்கடி நடப்பது. அந்தத் தடுமாற்றம் இருவருக்கும் ஆபத்து. கெட்ட மீனை நல்லதென்று சொன்னால் வாங்குகிறவருக்கு ஆபத்து. நல்ல மீனைக் கெட்டதென்று சொன்னால் விற்கிறவரின் அன்றைய அடுப்பு எரியாது. “கருவியே சொல்லிடுச்சு” என்றான பிறகு அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

ஆகவே ஏரியின் எண்களும் மாதிரிக்குள் போக வேண்டும். எந்த மாதம் எவ்வளவு உப்பு, எந்தக் காற்றில் சேறு கலங்கும், எந்த இடத்தில் பாசி அதிகம் என்பதெல்லாம் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் மீனவர்களுக்கு அத்துப்படி. யார், எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாட்டை அவர்கள் தலைமுறைகளாக நடத்தி வருகிறார்கள். ஏரியை இடம் இடமாக, நாள் நாளாக அறியாதவர்கள் அப்படி ஒரு முறையை வைத்திருக்க முடியாது. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் 1987 முதல் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒளியியல் படித்தவர்களும், தண்ணீர் படித்தவர்களும், வலை போடுகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் இந்தக் கணக்குக்கு விடை வரும்.

அதுவரை கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், ஃபார்மலினையும் அம்மோனியாவையும் கண்டுபிடிக்கும் காகிதப் பட்டைகளை 2018-லேயே கொண்டுவந்தது. மீனில் தேய்த்து, மருந்துச் சொட்டு விட்டால், நிறம் மாறுவதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அது ரசாயனத்தின் வழி. கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் தரும். எவ்வளவு, வேறு என்னென்ன என்று கேட்டால்தான் ஒளியின் வழி தேவைப்படுகிறது.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி முடிவு வர நாள் கணக்காகும். மீனுக்கு ஆயுசு மணிக் கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் வதந்தி பிழைக்கிறது. படகு கரைசேரும் இடத்திலேயே பத்து நிமிடத்தில் பதில் சொல்லும் ஒரு சின்னப் பெட்டி, விலை குறைவாக, மீனவப் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கே சொந்தமாக இருந்தால் அந்த இடைவெளி மூடிவிடும். பெட்டி அதிகாரி கையில் மட்டும் இருந்தால் அது சோதனை. விற்கிறவர் கையிலும் இருந்தால் அது சான்று.

அடுத்த முறை மீன் வாங்கும்போது செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாகப் புடைத்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மீண்டு வருகிறதா என்று வழக்கம்போலப் பாருங்கள். கழுவும்போது கையில் ஒட்டும் வெள்ளியைப் பிள்ளைகளுக்குக் காட்டி, “இதுல உலோகமே இல்ல, தெரியுமா?” என்று கேளுங்கள். அவர்களில் யாராவது ஒருவர் நாளைக்கு அந்தப் பெட்டியைச் செய்யலாம். அப்போது கூடைக்காரம்மா, “செவுளப் பாரு, கண்ணப் பாரு, மினுமினுப்பப் பாரு” என்பதோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்: “இந்தாக்கா, ரிப்போர்ட்டையும் பாரு.”